ஒரு விரற்கடை உயரம்

சாம்பியன் ரீப்ஸில், தங்க மைன் ஆட்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு முன்னால் போகிற ரோட்டில், யசோதா வீட்டு வாசலுக்கு நேராக நகரசபைக்காரர்கள் ஹம்பு போட்டுவிட்டுப் போன நாளிலிருந்து பாக்யலட்சுமிக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. ஹம்பு என்றால் வேகத்தடை. அப்படிப் புத்தகத்தில் எழுதுவார்கள். இங்கே பால்குடி மறக்காத பிள்ளைகூட ஹம்பு என்றுதான் சொல்லும். தாரில் வாட்டமாக ஏறி இறங்கும்படி போட்டு, குறுக்கே வெள்ளைப் பட்டை அடித்து, வண்டி வெளிச்சம் பட்டால் மின்னுகிற மஞ்சள் பலகை ஒன்றையும் ஓரத்தில் நட்டிருந்தார்கள். கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கிறது என்று பாக்யலட்சுமி சொன்னாள். பாராட்டிச் சொல்லவில்லை.

ரோடு ஒன்றும் பெரிய ரோடு இல்லை. மைன் ஓடிய காலத்தில் ஷிப்டு விட்டால் ஆட்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு வருவார்கள், வண்டிதான் ஒதுங்கி நிற்கும். இப்போது ராபர்ட்சன்பேட்டைக்குக் குறுக்கு வழி என்று பைக்குக்காரர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கார்மென்ட்ஸ் பஸ், ஜல்லி ஏற்றிய டிப்பர் எல்லாம் இதில்தான் பறக்கின்றன. நடப்பவருக்கென்று ஒரு சாண் இடம் விடவில்லை. தார் முடிகிற இடத்தில் சாக்கடை ஆரம்பித்துவிடும். விடியற்காலையில் பெங்களூர் ரயிலைப் பிடிக்கச் சைக்கிள் மிதிப்பவர்களும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும், குடம் தூக்குகிற பெண்களும் அந்தத் தார் விளிம்பில்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டும்.

சிவராத்திரிக்கு முந்தின வாரம் யசோதாவின் மகன் சஞ்சயை ஒரு டெம்போ தட்டிவிட்டது. காலேஜ் விட்டுச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவன், வீட்டு வாசலில் விழுந்தான். முழங்கால் போய்விட்டது. அவனை ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதே பாக்யலட்சுமிதான். அழுதாள், தன் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினாள். அதெல்லாம் உண்மை. அதற்குப் பிறகு யசோதா நகரசபை வாசலில் போய் உட்கார்ந்தாள். கத்தவில்லை, கொடி பிடிக்கவில்லை. காலையில் சாதம் கட்டிக்கொண்டு போய் உட்காருவாள், ஆபீஸ் பூட்டும்போது எழுந்து வருவாள். கடைசியில் அவர்களுக்கே பார்க்கச் சங்கடமாகிப்போய் ஹம்பு போட்டுக் கொடுத்தார்கள். லைன் முழுக்க யசோதா, யசோதா என்று ஒரே பேச்சு.

பாக்யலட்சுமிக்கு வீட்டோடு பிளவுஸ் தைக்கிற வேலை. மெஷினை ஜன்னலோரம் போட்டிருந்தாள். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் எட்டு வீடு தள்ளி ஹம்பு தெரியும். ஹம்பு தெரிந்தால்கூடப் பரவாயில்லை. சாயங்காலமானால் அங்கே தன் புருஷன் நிற்பதும் தெரியும்.

சம்பங்கிக்கு ஐம்பது வயதாகிறது. இளவயதில் சில வருஷம் மைனில் அண்டர்கிரவுண்டு பார்த்தவன். அது மூடியபிறகு பெங்களூரில் ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி வேலை. சாயங்கால ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷன் மரத்தில் பூட்டி வைத்த சைக்கிளை எடுத்து மிதித்து வருவான். மைனில் அடிபட்ட முதுகு, மேடு பள்ளம் ஆகாது. அதனால் ஹம்பு வந்தால் இறங்கிவிடுவான். இறங்கினவனைச் சும்மா விடுவார்களா? யசோதாவின் புருஷன் தம்மபாலன் அண்டர்கிரவுண்டில் அவனோடு ஒரே ஆழத்தில், ஒரே லெவலில் வேலை பார்த்தவர். "வா சம்பங்கி" என்பார். ஹம்பு வந்தபிறகு யசோதா வாசலில் அடுப்பு வைத்து டீயும் போண்டாவும் போட ஆரம்பித்திருந்தாள். வண்டிகள் அங்கே மெதுவாகின்றன, கடைக்கு ஆள் சேர்ந்தது. சம்பங்கி ஒரு கிளாஸ் இஞ்சி டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று கதை பேசுவான். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பாக்யலட்சுமி போட்டு வைத்த டீ ஏடு கட்டிப்போகும்.

"அங்க இன்னா அப்படிப் பேச்சு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சும்மாதான் மே. தம்மு அண்ணன் பழைய கதை எடுத்தாரு."

"இங்க டீ போட்டு வச்சிக்கினு ஒருத்தி குந்திக்கினு கீறா."

"அத்தையும் குடிக்கிறேன், குடு." அவன் வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "யசோதக்கா கெட்டிக்காரங்கதான்பா. நம்ப கவுன்சிலர் அஞ்சு வருசத்துல செய்யாதத்தை ஒரே பொம்பள குந்தி வாங்கிட்டாங்க" என்றான்.

அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி அவனுக்கு ரசம் மட்டும்தான்.

வயிற்றெரிச்சல் என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். பாக்யலட்சுமி பக்கத்தில் நியாயமும் இருந்தது, அதுதான் கஷ்டம். யசோதா வீட்டு ஹம்பில் மெதுவாகிற வண்டிகள் அந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து வைத்து, ஏறி இறங்கியதும் ஒரே முறுக்காக முறுக்கிக்கொண்டு போகும். அந்த முறுக்கு முழுக்கப் பாக்யலட்சுமி வீட்டு வாசலில்தான். முன்னைவிட இப்போதுதான் அங்கே வேகம் அதிகம். சம்பங்கி எட்டு வீடு தூரத்தையும் கடந்து வாசலில் சைக்கிளைத் திருப்புகிறவரை அவள் மெஷினை மிதிக்கமாட்டாள். அதுவும் அவன் சைக்கிளில் லைட் கிடையாது. மாட்டச் சொன்னால், "கீழ பாத்த இருட்டுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு இருட்டா? இந்த ரோடு எனுக்குக் கண்ணை மூடினாக்கூடத் தெரியும்" என்பான். அண்டர்கிரவுண்டு பார்த்தவர்கள் எல்லோருக்கும் இந்தத் திமிர் உண்டு.

அவளும் ஒருநாள் தைக்கிற துணியை ஓரம் கட்டிவிட்டு நகரசபைக்குப் போனாள். அங்கே ஒருவர் தலை நிமிராமலே, "ஒந்து ரோடுகெ ஒந்து ஹம்ப் சாக்கம்மா" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டார். ஒரு ரோட்டுக்கு ஒரு ஹம்பு போதுமாம்.

"எங்க வீட்டாண்டயும் வண்டி வேகமாத்தான் சார் போவுது."

இப்போது அவர் நிமிர்ந்து தமிழுக்கு வந்தார். "அங்க ஆக்சிடென்ட் ஆச்சும்மா. உங்க வாசல்ல இன்னா ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. திரும்பி வரும்போது வழியெல்லாம் ஒரே நினைப்பு. கால் ஒடிந்தவர்களுக்குத்தான் கொடுப்பார்களா? நம் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை, அதனால் நமக்கு இல்லையா? யசோதாவுக்கு வாய்த்தது, நமக்கு வாய்க்கவில்லை. இப்படி ஒரு நினைப்பு வந்ததும் நடுரோட்டில் நின்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டாளே தவிர, நினைப்பு போகவில்லை.

ஆடி பிறந்தது. ஆடி பிறந்தால் இங்கே காற்று சும்மா வராது. மைன் காலத்தில் தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வரும். சோற்றுப் பானையைத் துணிபோட்டு மூடவேண்டும். வெள்ளை லைனிங் துணி மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். சைக்கிளில் வருகிறவர்கள் ஒரு கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே வருவார்கள். அப்படி ஒரு மத்தியானம், ரோட்டில் ஆளே இல்லாத நேரம் பார்த்து, பாக்யலட்சுமி கழுத்தில் தொங்குகிற இஞ்சு டேப்போடு யசோதா வீட்டு ஹம்புக்குப் போனாள். குந்தி உட்கார்ந்து ஒரு முனையில் உயரத்தை அளந்தாள். அகலத்தை அளக்க டேப்பை நீட்டும்போது பின்னால் குரல் கேட்டது.

"இன்னா பாக்யா, ஹம்புக்கு பிளவுஸ் தைக்கிறியா?"

யசோதா இடுப்பில் மாவுக் குண்டானோடு நின்று சிரித்தாள். அவள் சிரிப்பில் ஒரு விஷமும் இல்லை. இல்லாததுதான் பாக்யலட்சுமிக்கு ஆகவில்லை.

"சும்மா பாத்தேன்க்கா" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டாள். ஆக உயரத்தின் அளவு அவளிடம் இருந்தது. அகலத்தின் அளவு இல்லை. ஒரு ஜாக்கெட்டுக்குத் தோள் அளவு எடுக்காமல் கத்தரி வைக்கமாட்டாள் அவள். பொறாமை பிடித்த நேரத்தில் தொழில் புத்தியும் கைவிட்டுவிட்டது.

லைன் கடைசி வீட்டு சைலஸ் கொத்தனார். அந்தச் சனிக்கிழமை சம்பங்கி வேலைக்குப் போயிருந்தான். மாற்று ஆள் வராததால் திங்கட்கிழமை சாயங்காலம்தான் வருவேன் என்று போன் செய்தான். இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? ஞாயிற்றுக்கிழமை சைலஸ் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் அவள் போய் நின்றாள்.

"ஹம்பெல்லாம் நாம்பளே போடக் கூடாதும்மா. கேஸ் ஆயிடும்" என்றார் சைலஸ்.

"ஊருல எத்தினி பேரு போட்டுக்கீறாங்க. பால் டிப்போ முன்னாடி யாரு போட்டது? நகரசபையா?"

"தார் எங்க போவறது?"

"சிமென்ட்ல போடுங்கண்ணா."

"மணலு?"

"மேட்டு மண்ணு கீது இல்லே. அதான் வீட்டுக்குள்ளயே வந்து கொட்டுதே."

சைலஸ் தலையைச் சொறிந்தார். "அந்த மண்ணு மாவு மாதிரி. சரி, கலந்து பாக்கலாம். அகலம் எவ்ளோ?"

"அது நீங்களே பாத்துப் போடுங்க. உசரம் மட்டும் நான் சொல்றேன்." டேப்பில் நகம் வைத்துக் காட்டினாள். பிறகு நகத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினாள். "அவங்களுதுக்கு மேல ஒரு விரக்கடை ஏத்திப் போடுங்க."

"எதுக்கும்மா ஏத்தி?"

"போடுங்கண்ணா."

இருந்த சிமென்ட்டுக்கு அகலம் வரவில்லை, உயரம்தான் வந்தது. பொழுது சாய்வதற்குள் பாக்யலட்சுமி வீட்டு வாசலில் குறுக்கே ஒரு வரப்பு எழுந்தது. சைலஸ் கரணையால் தடவித் தடவிப் பார்த்தார், அவருக்கே திருப்தி இல்லை. மேல்பக்கம் வளைந்திருந்தது, ஓரம் செங்குத்தாக நின்றது. வண்டி ஒதுங்கிப் போக எதிர் ஓரத்தில் மட்டும் வழி விட்டு, இரண்டு பக்கமும் கல் வைத்து, முள் வெட்டிப் போட்டு, மேலே ஈரச்சாக்கு போர்த்தினார். "மூணு நாளு தண்ணி ஊத்தும்மா. அப்புறம் வெள்ளை பெயின்ட் அடிச்சிட்டுத்தான் கல்லை எடுக்கணும். மேட்டு மண்ணு கலரும் ரோட்டுக் கலரும் ஒண்ணு, ஒண்ணும் தெரியாது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் யசோதா வந்தாள். கையில் ஒரு தகர டப்பா.

"பட்டை அடிச்ச பெயின்டரு மிச்சம் வச்சிட்டுப் போனான் பாக்யா. ரோட்டுக்குன்னே வர்ற பெயின்டு, ராத்திரியில மின்னும். உன் ஹம்புக்கு ஆவும்னு எடுத்தாந்தேன்."

பாக்யலட்சுமி டப்பாவைப் பார்த்தாள். இரவெல்லாம் தன் ஹம்பை நினைத்துத் தூங்காமல் கிடந்தவள் அவள். இப்போது அதற்கும் இவள் வந்து பொட்டு வைப்பாளா? நாளைக்கு லைனில் என்ன சொல்வார்கள்? யசோதா பெயின்ட் கொடுத்தாள் என்று சொல்வார்கள்.

"உங்க மிச்சம் எங்களுக்கு வோணாங்க்கா."

யசோதாவின் முகம் சுண்டிவிட்டது. "இதுல இன்னா மிச்சம், மீதி. நல்லதுக்குத்தானே..."

"நல்லதுன்னா இன்னொண்ணு செய்ங்க. எங்க வூட்டு ஆளுக்கு இனிமே டீ குடுக்காதீங்க. அவருக்கு வூட்லயே டீ கீது."

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கே தெரிந்தது. இருபது வருஷமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள், ஒருத்தி பிரசவத்துக்கு இன்னொருத்தி காவல் இருந்தவர்கள். டப்பாவைக் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு யசோதா திரும்பி நடந்தாள். போகும்போது தார் விளிம்பில் ஒரு பைக் அவளை உரசிக்கொண்டு போனது. அவள் ஒதுங்கவும் இல்லை.

சாயங்காலம் காற்று விழுந்து தூறல் போட்டது. கரன்ட் போய்விட்டது. ரயில் வருகிற நேரம். பாக்யலட்சுமி வாசலில் வந்து நின்று தன் ஹம்பைப் பார்த்தாள். கல்லும் முள்ளும் அழுக்குச் சாக்கும் போட்டு, ஏதோ செத்த மாடு கிடக்கிற மாதிரி இருந்தது. அவன் வந்ததும் இதையா பார்ப்பது? அவன் பார்த்து, இறங்கி, "இது யாரு மே போட்டது?" என்று கேட்கவேண்டும். அதைக் கேட்கத்தானே இத்தனையும். அவள் கல்லை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்தாள். முள்ளை இழுத்துப் போட்டாள். சாக்கை உருவினாள். விளக்குமாற்றால் கூட்டினாள். பிறகு ஏலக்காய் தட்டிப் போட்டு டீ வைக்க உள்ளே போனாள். இஞ்சிக்குப் பதில் ஏலக்காய்.

எட்டு வீடு தள்ளி, சம்பங்கி வழக்கம்போல யசோதா வீட்டு ஹம்பில் இறங்கினான். மழைக்கு அடுப்பு அணைந்திருந்தது. தம்மபாலன் மகனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். சம்பங்கி சைக்கிள் பெல்லை இரண்டு தடவை அடித்தான். யசோதா கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். பெல் கேட்டது. வெளியே வந்தால் டீ கேட்பான், கொடுக்காதே என்று பாக்யா காலையில்தான் சொல்லியிருக்கிறாள். வரவில்லை. ஆள் இல்லைபோல என்று அவன் ஏறி மிதித்தான்.

அடுப்படியில் இருந்த பாக்யலட்சுமிக்கு முதலில் கேட்டது சைக்கிள் செயின் சத்தம். அப்புறம் தகரம் விழுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஓடி வந்தபோது அவன் ரோட்டின் நடுவில் குப்புறக் கிடந்தான். சைக்கிள் வரப்புக்கு இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். தூரத்தில் டிப்பர் வெளிச்சம் ஒன்று வந்துகொண்டிருந்தது. பாக்யலட்சுமி ரோட்டின் குறுக்கே நின்று இரண்டு கையையும் விரித்தாள். டிப்பர் யசோதா வீட்டு ஹம்பில் மெதுவாகி, ஏறி இறங்கி, வழக்கம்போல முறுக்கத் தொடங்கியது. அப்போதுதான் யசோதா டார்ச்சோடு ஓடி வந்து அதன் முன்னால் வெளிச்சத்தை ஆட்டினாள். டிப்பர் வழுக்கிக்கொண்டு நின்றது. டிரைவர் ஏதோ கன்னடத்தில் திட்டினான். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துச் சம்பங்கியை ஓரத்துக்கு இழுத்தார்கள்.

வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. மோவாயில் தையல். ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமெல்லாம், "பைக்கு ஒண்ணு தட்டிட்டுப் போயிட்டான்" என்றே சம்பங்கி சொன்னான். லைட் போட்டானா, நம்பர் பார்த்தாயா என்று கேட்டபோது, "இருட்டு" என்றான். பாக்யலட்சுமியின் பக்கம் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து படுக்க வைத்தபிறகுதான் அவள் கேட்டாள்.

"ஏன்யா பொய் சொன்னே?"

"வேற இன்னா சொல்றது? என் பொண்டாட்டி போட்ட ஹம்புல வுழுந்தேன்னா? சிரிப்பாங்க." கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்தான். "கண்ணை மூடினாக்கூடத் தெரியும்னு சொல்லிக்கினு இருந்தேன் பாரு. எதுக்கு மே அத்தைப் போட்டே?"

"நீ எறங்கறதுக்கு."

"எறங்கறதுக்கா?"

"அங்க எறங்கறே இல்லே, அந்த மாதிரி இங்கயும் எறங்குவேன்னு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுத்து வலித்ததால் நிறுத்திக்கொண்டான். அவளுக்கு அழுகை வந்தது, அதை அவள் நிறுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து நகரசபையிலிருந்து ஆள் வந்தார், முன்பு தலை நிமிராமல் பதில் சொன்ன அதே ஆள். யசோதாதான் போய்க் கூப்பிட்டு வந்திருந்தாள். அவளுக்கும் மனசு உறுத்தல். அந்த ஒரு பெல்லுக்கு வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்று லைனில் எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தாள். பைக் தட்டியதாகத்தான் அவளும் சொன்னாள். டார்ச் பிடித்து வந்தவளுக்கு எது தட்டியது என்று தெரியாதா? தெரிந்துதான் சொன்னாள்.

வந்தவர் நனைந்து உதிரத் தொடங்கியிருந்த வரப்பைக் காலால் தட்டிப் பார்த்தார். "இது யாரும்மா போட்டது? சரி, அத்தை விடுங்க. இப்ப ஆக்சிடென்ட் ஆயிடுச்சு இல்லே, இனிமே கேக்கலாம். பைக் மோதி இங்க ஆளுக்கு அடின்னு நீங்க சொன்னாப் போதும். அங்க போட்ட மாதிரியே போட்டுடலாம். பட்டை, போர்டு எல்லாம் வரும்."

லைனே கூடி நின்றது. யசோதா பாக்யலட்சுமியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், சொல்லிவிடு என்பதுபோல. இத்தனை நாள் எதற்காக வயிறு எரிந்தாளோ, அது கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது. வெள்ளைப் பட்டை. மஞ்சள் பலகை. ஒரு வார்த்தை போதும். நமக்கு எதுவும் ஆகவில்லையே என்று அன்றைக்கு ரோட்டில் நினைத்தது அவளுக்கு நினைவு வந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. உள்ளே அவன் சோற்றை இடது கையால் அள்ளத் தெரியாமல் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டிருந்தான்.

"பைக்கு இல்ல சார்" என்றாள். "இத்த நான்தான் போட்டேன். சைலஸ் அண்ணன் கூடாதுன்னுதான் சொன்னாரு, நான்தான் கேக்கலே. பெயின்டு குடுத்தாங்க, அத்தையும் வாங்கலே. கல்லு வச்சிருந்துச்சி, அத்தையும் நானே எடுத்துட்டேன். எங்க வூட்டுக்காரரு இதுலதான் வுழுந்தாரு."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று சம்பங்கி பயந்தது வீணாகப் போயிற்று.

"அப்ப இது ஆக்சிடென்ட் கணக்குல வராதும்மா" என்றார் அவர். "இத்தை இன்னிக்கே ஒடைச்சிடணும்."

கடப்பாரையை யாரிடமும் கொடுக்காமல் அவளே உடைத்தாள். மேட்டு மண் கலவை, பெரிதாக மெனக்கெடவேண்டி இருக்கவில்லை. சைலஸும் யசோதாவும் கூடையில் அள்ளிப் போட்டார்கள். அள்ளும்போது யசோதா, "அகலமாப் போட்டு இருந்தா நல்ல ஹம்புதான் பாக்யா" என்றாள்.

"அகலம் அளக்கத்தான் நீங்க விடலியே."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யசோதாதான் முதலில் சிரித்தாள்.

சம்பங்கியின் வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். கட்டுப் பிரித்தபிறகு வேறொரு கட்டிடத்தில் பாதி நாள் டூட்டி கிடைத்தது, காலையில் போய்ச் சாயங்காலக் கடைசி ரயிலில் வருகிற மாதிரி. சைக்கிளுக்கு லைட் மாட்டிவிட்டான், யாரும் சொல்லாமலே. ரோடு அப்படியேதான் இருக்கிறது. யசோதாவும் பாக்யலட்சுமியும் இப்போது இரண்டு பேருமாகச் சாதம் கட்டிக்கொண்டு நகரசபைக்குப் போகிறார்கள். ஸ்டேஷன் வரைக்கும் நடக்கிறவருக்கும் சைக்கிளுக்கும் ஓரம் வேண்டும் என்று கேட்கிறார்கள். எப்போது வருமோ தெரியாது. அதுவரைக்கும், ரயில் வருகிற நேரத்துக்கு யசோதா தன் ஹம்பில் டார்ச் பிடித்து நிற்பாள், பாக்யலட்சுமி தன் வாசலில், வரப்பு இருந்த இடத்தில், இன்னொரு டார்ச்சோடு நிற்பாள். இரண்டு வெளிச்சத்துக்கும் நடுவில் சைக்கிள்கள் வரிசையாக வரும். பைக்குக்காரர்கள் முறைத்துக்கொண்டே மெதுவாகப் போவார்கள்.

ஒருநாள் சாயங்காலமும் பாக்யலட்சுமி அப்படித்தான் நின்றாள். எட்டு வீடு தள்ளி சம்பங்கி இறங்கியது தெரிந்தது. நின்றது தெரிந்தது. கையில் கிளாஸ் வாங்கியதும் தெரிந்தது. அவள் டார்ச்சை ரோட்டில் பிடித்தபடியே அந்தப் பக்கம் பார்க்காமல் நிற்க முயன்றாள். முடியவில்லை. மனசு பழையபடி சுருக்கென்றது. போகாது போலிருக்கிறது அது.

அவன் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தான். வரப்பு இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றான்.

"இங்கதான் ஒண்ணும் இல்லியே, ஏன் தள்ளிக்கினு வரே?"

"எறங்கணும்னு சொன்னே இல்லே" என்றான் அவன்.

பேசும்போது இஞ்சி வாசம் வந்தது. வாசற்படியில் மூடி வைத்திருந்த ஏலக்காய் டீயை எடுத்து விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தாள். வளைந்து கூடிய மணிக்கட்டால் கிளாஸைப் பிடிக்க அவனுக்கு இன்னும் சரியாக வராது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டோரம் நின்றபடியே, முழுவதையும் குடித்தான். அவன் குடித்து முடிக்கிறவரை அவள் வருகிற வண்டிகளின் பக்கம் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.